17 பவுண்டுக்கு வாசித்தவர்

ராக் இசைக்காரர் ஒருவருடைய தொழில் வாழ்க்கையைப் பற்றி இந்த வாரம் ஒரு கட்டுரை வேண்டும் என்று பத்திராதிபர் சொன்னபோது, அவர் மனத்தில் ஓடியவை தனி விமானமும், ஓட்டல் மாடியிலிருந்து வீதியில் வந்து விழும் தொலைக்காட்சிப் பெட்டியும், மேடைக்கு முன்னால் மூர்ச்சையுற்றுச் சாயும் ரசிகைகளும்தாம் என்பதை நான் ஊகிக்காமலில்லை; அவை விலைபோகும் விஷயங்கள் என்பதிலும் எனக்கு ஆட்சேபம் கிடையாது. ஆனால் அந்த ஆரவாரம் அத்தனைக்கும் நடுவே, பாடகருக்குப் பின்னால் அரையிருட்டில் நின்றுகொண்டு, மூன்று மணி நேரத்துக்கு இன்ன கூலி என்ற கணக்கில் நான்கு தடித்த தந்திகளை மீட்டிவிட்டு, வாத்தியத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டிக்கொண்டு அடுத்த ரெக்கார்டிங்குக்கு ஓடுகிற பேஸ் கிட்டார்க்காரரைப் பற்றி யாரும் எழுதுவதாகக் காணோம். இளையராஜாவின் பாட்டுகளைக் கேட்டு வளர்ந்த தமிழர்களுக்குப் பேஸ் கிட்டார் இன்னது, பாட்டின் அடியில் அது செய்கிற காரியம் இன்னது என்று நான் விளக்க வேண்டியதில்லை. அதை வாசிப்பவர் எப்படி ஜீவனம் நடத்துகிறார் என்பதைத்தான் சொல்ல வேண்டும்.

நான் எடுத்துக்கொண்டிருப்பவர் ஹெர்பி ஃப்ளவர்ஸ். லண்டனை அடுத்த ஐல்ஸ்வொர்த்தில் 1938-ஆம் ஆண்டு பிறந்து, 2024 செப்டம்பரில் தம் 86-ஆம் வயதில் காலமான ஆங்கிலேயர். இவர் பெயரைக் கேள்விப்பட்டிராதவர்கள் அதற்காக வெட்கப்பட வேண்டியதில்லை. இவருடைய வாசிப்பைக் கேட்காதவர்கள்தாம் அபூர்வம். டேவிட் போவியின் ‘ஸ்பேஸ் ஆடிட்டி’யில் அடியில் ஒலிப்பது இவர் விரல். டேவிட் எஸெக்ஸின் ‘ராக் ஆன்’ பாட்டில், சுருதிக்கூட்டு வாசிக்கும் கிட்டாரோ பியானோவோ இல்லாத அந்த வெற்றிடத்தில், பாட்டையே தூக்கிக்கொண்டு நடப்பது இவர் பேஸ். எல்டன் ஜானுக்கு வாசித்திருக்கிறார்; மார்க் போலனின் கடைசிக் காலத்தில் டி. ரெக்ஸ் குழுவில் இருந்திருக்கிறார். ஜெஃப் வெய்ன் 1978-இல் ‘உலகங்களின் போர்’ நாவலை இசையாக்கியபோது அதற்கும் இவர்தாம். யாவற்றுக்கும் மேலாக 1972-இல் லூ ரீட் பாடிய ‘வாக் ஆன் தி வைல்ட் சைட்’ இருக்கிறது. அந்தப் பாட்டில் பாடகர் வாய் திறப்பதற்கு முன்பே, ஒரு சுரத்திலிருந்து இன்னொரு சுரத்துக்குச் சோம்பலாக வழுக்கிச் சென்று மீளும் அந்தப் பேஸ் நாதம், பாட்டு இன்னதென்று உலகத்துக்கு அறிவித்துவிடுகிறது. அதற்காக அவர் பெற்ற தொகை 17 பவுண்டு.

ஃப்ளவர்ஸ் இந்தத் தொழிலுக்கு வந்து சேர்ந்த வழி, ராக் சரித்திரக்காரர்கள் விரும்புகிற மாதிரி கலகமும் கண்ணீரும் கலந்ததன்று. முழுக்க முழுக்க உத்தியோகஸ்தரின் வழி. அக்காலத்துப் பிரிட்டனில் இளைஞர்களுக்குப் படைச்சேவை கட்டாயமாக இருந்தது. 1956-இல் விமானப்படையில் சேர்ந்த இவர், குறுகிய காலச் சேவையோடு வெளியேறாமல், படையின் பாண்டு வாத்தியக் குழுவில் நீண்ட காலம் இருக்கச் சம்மதித்து, டியூபா என்னும் பெரிய பித்தளைக் குழலை ஊதினார். அங்கே பதவி உயர்வு பெற வேண்டுமானால் இரண்டாவதாக ஒரு வாத்தியமும் தெரிந்திருக்க வேண்டும் என்பது விதி. அந்த விதிக்காகவே ஆளுயரமுள்ள டபுள் பேஸை அவர் கையில் எடுத்தார். கலைஞனின் உள்ளத்தில் பொங்கிய தாகம், விதியின் அழைப்பு என்றெல்லாம் எழுத இங்கே இடமேயில்லை. சம்பளப் பட்டியலில் ஒரு படி மேலே ஏற வேண்டியிருந்தது, அவ்வளவுதான். பிற்காலத்தில் அவருடைய புகழ்பெற்ற வாசிப்பும் ஏறக்குறைய இதே காரணத்தால் பிறந்தது என்பதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொண்டால் மேலே நான் சொல்லப்போவது விளங்கும்.

படையிலிருந்து வெளிவந்தபின் ஜாஸ் குழுக்களில் வாசித்தார். 1960-களின் நடுவில் ‘குவீன் எலிசபெத்’ என்னும் பெருங்கப்பலின் நடன இசைக்குழுவில் அட்லாண்டிக் சமுத்திரத்தைக் குறுக்கும் நெடுக்குமாகக் கடந்தார். கப்பல் நியூயார்க்கில் நின்ற நாட்களில்தான் மின்சாரப் பேஸ் கிட்டார் அவர் கவனத்தைக் கவர்ந்தது. கலிபோர்னியாவின் ஃபுல்லர்ட்டன் ஊரில் லியோ ஃபெண்டர் 1951-இல் அந்த வாத்தியத்தை விற்பனைக்குக் கொண்டுவந்ததிலிருந்து, டபுள் பேஸ்காரர்கள் இரு பிரிவாகப் பிரிந்துபோயிருந்தார்கள். வாகனத்தின் கூரையில் கட்டிச் செல்ல வேண்டிய ராட்சச வாத்தியத்தை விட்டு, தோளில் மாட்டிக்கொள்ளும் கட்டை ஒன்றை ஏற்றவர்கள் ஒரு பக்கம். அதை வாத்தியமென்று ஒப்புக்கொள்ளாதவர்கள் மறுபக்கம். ஃப்ளவர்ஸ் இரண்டையும் வைத்துக்கொண்டார். நியூயார்க்கில் வாங்கிய நீல நிற ஃபெண்டர் ஜாஸ் பேஸோடு ஊர் திரும்பிய அவரை, வாத்தியம் இரண்டும் தெரிந்து நோட்டையும் பார்த்தவுடன் வாசிக்கத் தெரிந்த மனிதரை, லண்டன் ஒலிப்பதிவுக்கூடங்கள் விட்டுவிடுமா?

அந்நாளைய லண்டனில் ரெக்கார்டிங் வேலை நடந்த முறையைச் சென்னையின் கால்ஷீட் முறையை அறிந்தவர்கள் எளிதில் புரிந்துகொள்வார்கள். மூன்று மணி நேரம் ஓர் அமர்வு. அதற்குள் பதிவு செய்து முடிக்கக்கூடிய இசை 20 நிமிஷத்துக்கு மேற்படலாகாது. ஒருவர் இரண்டாவது வாத்தியம் வாசித்தாலோ, ஒருமுறை வாசித்ததன்மேல் மறுபடி வாசித்துச் சேர்த்தாலோ அதற்குத் தனியாகப் பணம். இவை வாத்தியக்காரர் சங்கம் போராடிப் பெற்ற விதிகள். காலையில் சவர்க்கார விளம்பரத்துக்கு வாசித்தவர், மத்தியானம் சினிமாப் பின்னணிக்கு வாசித்துவிட்டு, மாலையில் இன்னார் என்று முன்பின் தெரியாத ஓர் இளைஞனின் முதல் தட்டுக்கு வாசிப்பார். அந்த இளைஞன் பிற்பாடு உலகப்புகழ் அடைந்தால், அவனுடைய ஆரம்பகாலத்தைப் பற்றிச் சொல்லும்படி பத்திரிகைக்காரர்கள் வந்து நச்சரிப்பார்கள். இவருக்கோ அந்த மாலை, நூற்றுக்கணக்கான மாலைகளில் ஒன்றாகக் கலந்து மறந்துபோயிருக்கும்.

இந்த வேலைக்கு வேண்டிய சாமர்த்தியம் விரலில் பாதி, சுபாவத்தில் பாதி. தனக்குத் தெரிந்ததையெல்லாம் காட்டாமல், பாட்டுக்கு வேண்டியதை மட்டும் வாசித்துவிட்டு ஒதுங்கும் அடக்கம் வேண்டும். எதிரே கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் தயாரிப்பாளர் தமக்கே விளங்காத ஏதோ ஒன்றைக் கேட்கும்போது முகம் சுளிக்காதிருக்கும் பொறுமை வேண்டும். அமெரிக்காவில் லீலண்ட் ஸ்க்லார் என்று ஒரு பேஸ்காரர் இருக்கிறார்; நீண்ட வெண்தாடியும் சாந்தமான முகமும் கொண்ட அவரைப் பார்த்தால் ஆசிரமவாசி என்றே தோன்றும். அவர் தம் கிட்டாரில் ஒரு சிறிய விசை பொருத்தியிருக்கிறார். அந்த விசை எதனோடும் இணைக்கப்படவில்லை. தயாரிப்பாளர், ‘கொஞ்சம் வேறு மாதிரியான நாதம் வேண்டுமே’ என்று கேட்டால், அவர் பார்வையில் படும்படி விசையைத் தட்டிவிட்டு, கையை ஓரங்குலம் நகர்த்தி அதே வாசிப்பை வாசிப்பார், தயாரிப்பாளரும் திருப்தியடைந்துவிடுவார். தொழில் தர்மத்தைப் பற்றி எத்தனையோ நூல்கள் இருக்கின்றன. அந்த விசை சொல்லும் அளவுக்கு அவற்றில் எதுவும் சொல்லவில்லை என்பது என் அபிப்பிராயம்.

இனி 17 பவுண்டு கதைக்கு வருவோம். லண்டன் ஸோஹோ பகுதியில் ஒரு சந்துக்குள் இருந்த ட்ரைடெண்ட் என்னும் ஒலிப்பதிவுக்கூடத்தில், போவியும் மிக் ரான்ஸனும் தயாரிப்பாளர்களாக இருந்து லூ ரீடின் தட்டைப் பதிவு செய்துகொண்டிருந்தார்கள். பாட்டோ, மாறி மாறி வரும் இரண்டே சுருதிக்கூட்டுகளில் பெரும்பாலும் அடங்கிவிடுவது. பேஸ்காரர் ஒரே ஒரு சுரத்தை அழுத்தமாகத் தட்டிக்கொண்டிருந்தாலும் யாரும் குறைகூற மாட்டார்கள். ஃப்ளவர்ஸ் முதலில் டபுள் பேஸில் அந்த வழுக்கலை வாசித்தார். பிறகு அதற்குப் பத்தாவது சுர இடைவெளியில் மேலே, மின்சாரப் பேஸில் அதே வழுக்கலை மறுபடி வாசித்து அதன்மேல் சேர்க்கலாமா என்று கேட்டார். மரத்தின் கனமும் மின்சாரத்தின் மெழுகும் ஒன்றின்மேல் ஒன்று படிந்தன. கீழே ஒரு நிழல் நகர்கிறது, அதற்கு மேலே இன்னொரு நிழல் அதே வேகத்தில் நகர்கிறது. இரண்டுக்கும் இடையில் இருக்கும் வெற்றிடத்தில் பாடகர் சாவதானமாகப் பேசிக்கொண்டே போகிறார். இப்படி ஒன்றைக் கற்பனை செய்தது மேதாவிலாசமல்லவா என்று பிற்பாடு அவரை வினவியவர்களுக்கு அவர் சிரித்துக்கொண்டே சொன்ன விளக்கம் வேறு: இரண்டு வாத்தியம் வாசித்தால் கூடுதல் பணம் என்பது சங்கத்தின் விதியாயிற்றே! பதவி உயர்வுக்காக இரண்டாம் வாத்தியத்தைக் கற்ற படைவீரர், கூடுதல் பவுண்டுகளுக்காக இன்னொன்றையும் பெட்டியிலிருந்து எடுத்தார் என்று கொள்ளலாம். அவர் சொன்னதை அப்படியே நம்ப நான் தயாரில்லை. பத்தாவது சுரத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி எந்தச் சங்கமும் விதி எழுதவில்லை. ஆனாலும், தம் கலையைக் கூலிக் கணக்காகச் சொல்லி மறைத்துக்கொள்ளும் அந்த வெட்கத்தை நான் மிகவும் மதிக்கிறேன்.

இதே மனிதருக்குப் பெரும்பணம் வந்த வழியையும் சொல்லிவிட வேண்டும். 1970-இல், முதியவர் வேஷங்களில் பெயர்பெற்றிருந்த கிளைவ் டன் என்னும் தொலைக்காட்சி நடிகருக்காக, கென்னி பிக்கெட் என்ற நண்பரோடு சேர்ந்து ‘கிராண்டாட்’, அதாவது ‘தாத்தா’ என்று ஒரு பாட்டு எழுதினார். குழந்தைகள் கோஷ்டியாகப் பாடும் அந்தப் பாட்டை ரசனையுள்ளவர்கள் பலரும் இன்றுவரை முகம் சுளித்தே குறிப்பிடுகிறார்கள். அது 1971 ஜனவரியில் பிரிட்டனில் முதலிடத்துக்குப் போய் மூன்று வாரம் அங்கேயே உட்கார்ந்துகொண்டது. பாட்டை இயற்றியவர் என்ற முறையில் ஃப்ளவர்ஸுக்கு அதில் உரிமைப்பணம் உண்டு. வாத்தியம் வாசித்தவர் என்ற முறையில் ‘வைல்ட் சைட்’ பாட்டில் அவருக்கு அத்தகைய உரிமைப்பணம் இல்லை. 1990-இல் நியூயார்க்கின் ‘எ ட்ரைப் கால்ட் குவெஸ்ட்’ என்னும் ஹிப்ஹாப் குழுவினர் அந்தப் பேஸ் வாசிப்பையே அப்படியே வெட்டியெடுத்துத் தங்கள் ‘கேன் ஐ கிக் இட்?’ பாட்டுக்கு ஆதாரமாக்கிக்கொண்டபோதும், சட்டப்படி பணம் போய்ச் சேர்ந்த இடம் பாட்டை இயற்றியவரின் கணக்கு. யாரும் விதியை மீறவில்லை. யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. பாட்டென்றால் சாகித்தியமும் மெட்டும். அதன்மேல் வாசித்தவை யாவும் கூலி வேலை என்று சட்டம் பிரித்து வைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

கூலிக்கு வந்தவருக்கு நஷ்டத்தில் பங்கில்லாதபோது லாபத்தில் மட்டும் பங்கு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. பால் மெக்கார்ட்னியையும் ஸ்டிங்கையும் போல, வாசிப்பவர் தாமே பாட்டும் இயற்றிக்கொள்ளட்டுமே என்பவர்களும் உண்டு. ஃப்ளவர்ஸே, வேலையைச் செய்தோமா, வீடு போய்ச் சேர்ந்தோமா என்று இருக்க வேண்டும் என்கிற தோரணையில்தான் பேசி வந்தார். இருக்கட்டும்.

என்னை அலைக்கழிப்பது பணத்தைவிடப் பெயர். இசைத்தட்டின் உறை என்று ஒன்று இருந்ததே, அதன் பின்புறத்தில் பொடி எழுத்தில், இன்னார் டிரம்ஸ், இன்னார் பேஸ் என்று அச்சிட்டிருந்தார்களே, அந்தச் சதுரமான அட்டை ஒரு தொழிலின் ஆதாரச்சீட்டாக இருந்தது என்பதை அது மறைந்த பிறகே உணர்கிறோம். ஸ்க்லாருடைய வாழ்க்கையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1971-இல் ஜேம்ஸ் டெய்லரின் ‘மட் ஸ்லைட் ஸ்லிம்’ தட்டில் அவர் வாசித்தார். டெய்லரின் தயாரிப்பாளரான பீட்டர் ஆஷர், வாசித்தவர்களின் பெயர்களைத் தட்டின் உறையில் தெளிவாக அச்சிட வேண்டும் என்ற கொள்கையுடையவர். அதற்கு முன்னால் லாஸ் ஏஞ்சல்ஸில் நூற்றுக்கணக்கான வெற்றிப் பாட்டுகளுக்கு வாசித்த காரல் கே போன்ற மகா நிபுணர்களின் பெயர் உறைகளில் வருவதே அபூர்வம். ‘பெட் சவுண்ட்ஸ்’ தட்டில் பேஸ் வாசித்தவர்களில் ஒரு பெண்மணியும் உண்டு என்பதை, அதைக் கேட்டவர்களில் எத்தனை பேர் அப்போது அறிந்திருப்பார்கள்? டெய்லரின் தட்டை வாங்கியவர்கள் பெயரைப் படித்தார்கள். படித்தவர்களில் பாடகர்களும் தயாரிப்பாளர்களும் இருந்தார்கள். அந்தப் பெயரைக் கேட்டு ஆளனுப்பினார்கள். அதன்பின் ஜாக்ஸன் பிரௌன், ஃபில் காலின்ஸ் என்று வேலை வேலையாகப் பெருகி, அவர் வாசித்த தட்டுகள் 2,000-க்கு மேல் என்று சொல்லும்படியாயிற்று. ஓர் அட்டையில் இரண்டு வார்த்தை அச்சானதன் பலன் இது.

அச்சாகாமற்போனால் என்ன நேரும் என்பதற்கும் உதாரணம் உண்டு. அது ஃப்ளவர்ஸையே தொட்டுச் செல்கிறது. ஸெர்ஜ் கேன்ஸ்பூர் என்ற பிரெஞ்சுப் பாடகரின் ‘மெலடி நெல்ஸன்’ கதைத்தட்டு 1971-இல் வெளிவந்தது. அரைமணிக்கும் குறைந்த நேரமே ஓடும் அந்தத் தட்டில், முதலிலிருந்து கடைசிவரை முன்னணியில் ஊர்ந்து திரிவது பேஸ் கிட்டார். பேஸ் வாசிப்பவர்கள் அதை ஒரு பாடநூலைப் போலப் படிக்கிறார்கள். லண்டன் வாத்தியக்காரர்கள் வாசித்தது என்பது தெரியும். யார் யார் என்பதை உறையில் போடவில்லை. அந்த நாதம் இன்னார் விரல்போல இருக்கிறதே என்று ரசிகர்கள் ஊகித்து ஊகித்து, பல பத்தாண்டுகள் அதை ஹெர்பி ஃப்ளவர்ஸின் கணக்கில் எழுதி வைத்திருந்தார்கள். உண்மையில் வாசித்தவர் டேவ் ரிச்மண்ட் என்பது நெடுங்காலம் கழித்தே நிச்சயப்பட்டது. ‘மன்ஃப்ரெட் மன்’ குழுவின் ஆரம்ப உறுப்பினர்களில் ஒருவரான அவர், தம் வாழ்நாளின் மிக உயர்ந்த வாசிப்பென்று உலகம் கொண்டாடிய ஒன்று வேறொருவர் பெயரில் கொண்டாடப்படுவதை எத்தனை காலம் கேட்டிருக்க வேண்டும்! திருட்டுமில்லை, சூழ்ச்சியுமில்லை. ஒரு வரி அச்சாகவில்லை.

இப்போது கைபேசித் திரையில் ஒரு பாட்டைத் தட்டிக் கேட்கிறவர் முன்னே நிற்பவை சிறு படமும் பாடகர் பெயருமே. வாசித்தவர்களின் பட்டியல் எங்கோ மூன்று தட்டலுக்கு அப்பால் இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. பெயர் போனது போதாதென்று நாதமும் போகிறது. பேஸ் கிட்டாரின் அடித்தந்தி விநாடிக்கு 41 முறை அதிர்கிறது. கைபேசியின் ஒலிப்பெட்டி, தன் சின்னஞ்சிறு உருவத்தால் அத்தனை மெதுவான அதிர்வைக் காற்றில் எழுப்ப வல்லதன்று. அந்தச் சுரத்தோடு பிறக்கும் மேலதிர்வுகளைக் கேட்டு, அடியில் இன்ன சுரம் இருக்க வேண்டும் என்று நம் காதும் மூளையும் சேர்ந்து இட்டு நிரப்பிக்கொள்கின்றன. ஆகவே ஒரு பஸ் பிரயாணத்தில் கைபேசியை உரக்க வைத்துப் பாட்டுக் கேட்கும் இளைஞர், பேஸ்காரர் வாசித்த அடிச்சுரத்தைக் கேட்பதாக நினைக்கிறாரே ஒழியக் கேட்கவில்லை. (அந்தப் பஸ்ஸில் அருகே அமர்ந்திருப்பவர்களின் கஷ்டம் தனிக் கட்டுரைக்குரியது.) பாட்டுகளைக் கலந்து அமைப்பவர்களும் இதை உணர்ந்து, பேஸின் மேலதிர்வுகளைக் கைபேசிக்கேற்பத் தூக்கிக் காட்டுகிறார்கள். முதலில் வாசித்தவர் பெயரையும், பிறகு வாசித்த சுரத்தையும் ஊகத்துக்கு விட்டுவிடுகிற காலம் இது. மூன்றாவதாக, வாசிக்க ஆளே வேண்டாம் என்று கணினியிலிருந்து பேஸை எடுத்து ஒட்டும் பழக்கமும் பெருகிவிட்டபின், மூன்று மணி நேரக் கூலிக்கு ஒருவரைக் கூப்பிடுவது ஆடம்பரச் செலவாகத் தோன்றுவதில் ஆச்சரியம் என்ன?

கூலி வேலைக்காரரென்றால் சாதுவாக இருப்பார் என்று யாரும் எண்ண வேண்டாம். 1974 ஜூலையில், பிரபல பாடகர் ஒருவருடைய அமெரிக்கச் சுற்றுப்பயணத்தில் ஃப்ளவர்ஸ் உடன் சென்றிருந்தார். பாடகர் யாரென்பது நமக்கு இங்கே முக்கியமன்று. பிலடெல்பியாவை ஒட்டிய அரங்கில் நிகழ்ச்சிக்கு முன் மேடையேறிப் பார்த்த வாத்தியக்காரர்கள், வழக்கத்துக்கு அதிகமாக மைக்குகள் முளைத்திருப்பதைக் கண்டார்கள். அன்றைய கச்சேரியைத் தட்டாக வெளியிடப் பதிவு செய்யப்போகிறார்கள் என்று தெரிந்தது. மேடையில் வாசிப்பதற்கு ஒரு கூலி, தட்டுக்கு வாசிப்பதற்கு வேறு கூலி என்பது தொழிலின் பாலபாடம். தட்டுக்கு ஆளுக்கு 5,000 டாலர் என்று ஒப்புக்கொள்ளாவிட்டால் திரை எழும்போது மேடையில் நாங்கள் இருக்க மாட்டோம் என்று சொல்லத் துணிந்த கூட்டத்துக்கு முன்னால் நின்றவர் நம் பேஸ்காரர். வெளியே ஆயிரக்கணக்கான ரசிகர்கள் கூச்சலிட்டுக்கொண்டிருக்க, உள்ளே பேரம் நடந்து, தொகை ஒப்புக்கொள்ளப்பட்ட பிறகே இசை தொடங்கிற்று. ராக் என்றால் கலகம் என்கிறார்களே, உடைந்த கிட்டார்களைவிட இந்தப் பேரத்தையே நான் அதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்வேன்.

அவருடைய வாழ்க்கையில் வேறு சில விசேஷங்களும் உண்டு. கூலி வாத்தியக்காரர்களும் பாடகர்களுமாகச் சேர்ந்து ‘புளூ மிங்க்’ என்ற குழுவை நடத்தியதும், செவ்வியல் கிட்டார் மேதை ஜான் வில்லியம்ஸோடு ‘ஸ்கை’ குழுவில் இருந்து 1980-இல் பிரிட்டனில் முதலிடம் பெற்றதும், ஸஸெக்ஸ் கிராமப்புறத்தில் குடியேறிப் பள்ளிப் பிள்ளைகளையும் பெரியவர்களையும் கூட்டிவைத்துப் பாடவும் வாசிக்கவும் பழக்கியதும் நீளமாக எழுதத் தக்கவை. இடமில்லை, சட்டத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

பிரிட்டனில் 1996-இல் வந்த விதிகளின்படி, ஒலிப்பதிவு ஒன்று வானொலியிலோ பொது இடத்திலோ ஒலிக்கும்போது, பாடகருக்கு மட்டுமன்றி அதில் வாசித்தவர்களுக்கும் நியாயமான ஒரு பங்கு உண்டு. 2013-இல் ஒலிப்பதிவுகளின் உரிமைக்காலம் 50 ஆண்டிலிருந்து 70 ஆண்டாக நீண்டது. நீண்ட அந்த இருபது ஆண்டுகளில் வரும் வருமானத்தில் 20 சதவீதத்தை, ஒரே தடவைக் கூலி வாங்கிக்கொண்டு உரிமையை எழுதிக் கொடுத்த வாத்தியக்காரர்களுக்காகத் தனியே எடுத்துவைக்க வேண்டும் என்று சட்டம் சொல்லிற்று. வேண்டும்போது வேண்டிய பாட்டைத் தட்டிக் கேட்கும் இணைய முறைக்கு 1996-ஆம் ஆண்டின் பங்கு செல்லாது, அதற்கும் அதை விரிக்க வேண்டும் என்று 2021-இல் பிரிட்டிஷ் பாராளுமன்றக் குழு ஒன்று சிபாரிசு செய்தது, அது சட்டமாகவில்லை. இன்றைக்குப் பெரும்பான்மையோர் பாட்டுக் கேட்பது எந்த வழியிலோ, அந்த வழியில்தான் இந்தப் பங்கு இல்லை.

1972-இல் வெளிவந்த தட்டுக்கு, இந்தக் கணக்கின்படி ஐம்பது ஆண்டு 2022-ஓடு முடிந்து, 20 சதவீத நிதிக்குரிய காலம் 2023-இல் தொடங்குகிறது. அப்போது ஃப்ளவர்ஸுக்கு 85-ஆவது பிறந்தநாள் வரும் வருஷம். உரிமைக்காலம் 2042 முடிய இருப்பதால், அவரைப் போன்றவர்கள் காலமான பின்பும் அவர்களுடைய வாரிசுகள் கேட்டுப் பெறலாம். ஆனால் கேட்பதற்கு முன்னால், பதிவில் வாசித்தவர் இன்னார் என்பது பங்கிடும் சங்கத்தின் ஏட்டில் ஏறியிருக்க வேண்டும். பெயர் ஏறாத தட்டுகளுக்கு, உறையில் ஒரு வரி இருந்தால் அது சாட்சி. இல்லையென்றால் பரணில் கிடக்கும் பழைய நாட்குறிப்பையும், அன்றைய ஊதியச் சீட்டையும், உடன் வாசித்தவர்களில் உயிரோடிருப்பவர் யாரென்பதையும் தேடிக்கொண்டு போக வேண்டியதுதான்.